ஐடியல் பிராப்ளம்

“மாமா, எனக்கு மெக்கானிக்னு போட்டு லெட்டர் வேணும். இன்னிக்கே வேணும்.”

கேட்டுவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று அம்மா கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். வீட்டில் எதற்குமே வாய் திறக்காத அப்பாகூட, வாட்ச்மேன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, “அதைக் கேக்காதம்மா, உங்கக்கா வாழ்ற வீடு” என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னதில் ஒரே ஒரு பிரயோஜனம் இருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

மாமா என்பது அக்காவின் கணவர். கீழே டூவீலர் ஒர்க்ஷாப், மாடியில் வீடு. இரண்டுக்கும் அவர்தான் முதலாளி. அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“யாருக்கு?”

“எனக்கு.”

“என்னன்னு?”

“மெக்கானிக்னு.”

மாமா சிரித்தார். ஒர்க்ஷாப்பின் உள்ளே திரும்பி, “டாக்டர், கேட்டீங்களா? நம்ம பாப்பா மெக்கானிக்காம்” என்றார். பாப்பாவுக்கு இருபத்து நாலு வயது.

விஷயம் இதுதான். கூரியர் கம்பெனி ஒன்று, தன் எண்பது மோட்டார் சைக்கிள்களைப் பராமரிக்க ஆள் கேட்டிருந்தது. இன்று மாலை நாலு மணியோடு சரி. பட்டம் இருந்தால் நல்லது. ஆனால் வேலை செய்த இடத்திலிருந்து மெக்கானிக் என்று எழுதிய கடிதம் கட்டாயம். பட்டம் அவளிடம் இருந்தது. அவர்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தாள். அம்மா அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து, யாரும் தொட்டுவிடாதபடி பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தாள். வேலை கிடைக்கும்வரை பெண் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று மாமா பெருந்தன்மையோடு தன் கவுண்டரில் உட்கார வைத்தார். அந்தப் பெருந்தன்மைக்கு இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அம்மா அதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

கவுண்டரில் அவள் வேலை கார்டு எழுதுவது. வருகிறவரின் வண்டி எண், பெயர், குறை. குறை என்ற இடத்தில் மாமா பிரஸ்ஸில் கொடுத்து வரிசையாகக் கட்டங்கள் அச்சடித்து வைத்திருந்தார், டிக் போட்டால் போதும். அதில் முதல் கட்டம்: ‘ஐடியல் பிராப்ளம்’.

ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டாலும் இன்ஜின் அணையாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பேர் ஐட்லிங். மாமா கடை ஆரம்பித்தபோது யாரோ சொன்னது அவர் காதில் ஐடியல் என்று விழுந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பேட்டையில் எந்த வண்டி சிக்னலில் அணைந்தாலும் அது லட்சியக் கோளாறுதான். சேர்ந்த புதிதில் அவள் ஒரு கஸ்டமர் முன்னால், “ஐடியல் இல்ல மாமா, ஐட்லிங்” என்று சொல்லிவிட்டாள். மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அக்கா மாடியில் அழுதாள். அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, “நாலெழுத்துப் படிச்சா நாலு பேர் முன்னாடி மனுஷன் மானத்த வாங்கணுமாடி?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உண்மையில் அவளுக்கு எழுத்துப்பிழை ஒரு பிரச்சினையே இல்லை. அந்தக் கட்டம்தான் பிரச்சினை. டிக் போட்டாயிற்று என்றால் அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காலையில் அணைகிறதா, சூடான பிறகா, ஹேண்டிலைத் திருப்பினாலா, ஆள் ஏறினாலா? எதுவும் கிடையாது. கார்டு நேராக டாக்டரிடம் போகும்.

டாக்டர் என்பது தலைமை மெக்கானிக். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். பார்க்கிறவர்களுக்கு ஒரு பயம் வரும். கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து, “ம்” என்பார். எந்த நோய்க்கும் அவரிடம் மருந்து ஒன்றுதான். கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை வலது பக்கமாக ஒரு சுத்து. வண்டி சத்தம் கூட்டிக்கொண்டு ஓடும். கஸ்டமர் சந்தோஷமாகப் போவார். ஒரு வாரத்தில் திரும்பி வருவார். இன்னொரு சுத்து.

இடது கைச் சுண்டுவிரலில் டாக்டருக்கு ஒரு கணு குறைவு. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, செயினைத் துணியால் துடைக்கப் போய்ப் பறிகொடுத்தது. கடையில் அதை அனுபவம் என்று சொல்வார்கள்.

இப்படித் திரும்பி வந்த வண்டிகளை, சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போன பிறகு யார் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். ஏனென்றால் அவர்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “பாப்பா, அந்த வண்டிய ஒரு பார்வை பாத்துடேன்” என்பார். அது பார்வை. மெக்கானிக் வேலை இல்லை.

“லெட்டர்தான, தரேனே” என்றார் மாமா. “ரிசப்ஷனிஸ்ட்னு நல்லா அழகா எழுதித் தரேன். ஏசி ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வெப்பான்.”

“எனக்கு மெக்கானிக்னு வேணும் மாமா. பண்ற வேலையத்தான கேக்கறேன்.”

“டாக்டர் என்ன நினைப்பாரு?”

டாக்டர் உள்ளேயிருந்து நினைத்ததைச் சொன்னார். “எழுதிக் குடுங்க மொதலாளி. அப்படியே நான் இன்ஜினியர்னு எனக்கும் ஒண்ணு எழுதுங்க. நானும் போறேன் ஏதாவது காலேஜுக்கு.”

கடை மொத்தமும் சிரித்தது. அந்த நேரத்தில்தான் தண்ணீர் கேன் போடுகிறவர், இருபுறமும் இரும்புச் சட்டம் வைத்த தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாக உள்ளே வந்தார். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை.

“டாக்டரே, நீங்க எனக்கு வைத்தியம் பாக்கறீங்களா, பழி வாங்கறீங்களா?”

“ஏன், என்ன?”

“நாப்பது வீடு போடறேன். நாப்பது தடவை அணையுது. நாப்பது தடவை கிக்கர உதைச்சா கால் கால்மாதிரியா இருக்கும்?”

“போன தடவை ஒரு சுத்து வெச்சேன்ல?”

“வெச்சீங்க. அதுலேர்ந்து அணையாத நேரத்துல ஏரோப்ளேன் மாதிரி கத்துது. கியர் போட்டா ஆளைத் தூக்கிப் போடுது. செயின் டப்பு டப்புன்னு அடிச்சுது.”

“அதுக்குத்தான் செயின டைட் பண்ணி வுட்டேன்.”

“பண்ணி வுட்டீங்க. இப்ப அது அழுவுது.”

மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாலு பேர் பார்க்க யாரையாவது கிண்டல் செய்யக் கிடைத்தால் அவருக்கு வருகிற வெளிச்சம்.

“பாப்பா, இந்தா. இந்த வண்டியப் பண்ணிக் காட்டு. எழுதித் தரேன்.”

“மெக்கானிக்னுதானே?”

“நீ என்ன பண்றியோ, அதை அப்படியே எழுதறேன். போதுமா?”

அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மணி பதினொன்று. நாலு மணிக்குள் கையில் காகிதம் வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். டிக் போடாமல் கார்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர்க்காரரிடம் போனாள்.

“அண்ணே, எப்ப அணையுது? காலைல எடுத்த உடனேயா?”

“காலைல ராஜா மாதிரி போவும். நாலஞ்சு வீடு போட்டப்புறம்தான்.”

“அப்ப சூடானதும். ஹேண்டில ஒடிச்சா சத்தம் ஏறுதா?”

“இல்ல.”

“அணையறதுக்கு முன்னாடி சத்தம் ஏறி இறங்குதா, பட்டுனு நிக்குதா?”

தண்ணீர்க்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். “ஏறி இறங்கும். மூச்சு வாங்கற மாதிரி. ஏம்மா, இதெல்லாம் எதுக்கு? மூணு தடவை வந்தேன், யாரும் கேக்கலியே.”

“கட்டத்துல இடமில்லண்ணே.”

டாக்டர் இருமினார்.

வண்டியை உதைத்து ஓடவிட்டாள். பத்து நிமிஷம் சூடாகட்டும் என்று கைகட்டி நின்றாள். “வண்டி தானா சரியாவும்னு பாக்கறாங்க இன்ஜினியரம்மா” என்றார் டாக்டர். சூடானதும் அவர் வைத்த சுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தாள். இரண்டே கால் சுத்து. ஏரோப்ளேன் தரையிறங்கியது, தடுமாறியது, மூச்சு வாங்க ஆரம்பித்தது. அது அணைவதற்குள் க்ளீனர் ஸ்ப்ரேயை எடுத்து, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயின்மேல் கொஞ்சம் அடித்தாள். மாற்றமில்லை. பக்கவாட்டில் அடித்தாள். இல்லை. குனிந்து, கையை வளைத்து அடிப்பக்கம் அடித்தாள். ஸ்ப்ரே எங்கோ உள்ளே இழுக்கப்பட்டு, இன்ஜினின் குரல் சட்டென்று மாறியது.

“கேட்டுச்சா?” என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது. டாக்டருக்கு மட்டும் கேட்கவில்லை. அவரிடம் அப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

இன்ஜின் ஆறியதும் குழாயைக் கழற்றினாள். அடியில் ஒரு வெடிப்பு, தலைமயிர் கனம். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும்; சூடானதும் வாயைத் திறந்து காற்றைக் குடிக்கும். மேல்பக்கத்தில் யாரோ அழகாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள், வெடிப்பு இல்லாத இடமாகப் பார்த்து.

“இது யார் சுத்தினது?”

“முன்ன எங்கியாவது காட்டியிருப்பாரு” என்றார் டாக்டர்.

“நான் உங்ககிட்ட மட்டும்தான் காட்டறேன்” என்றார் தண்ணீர்க்காரர்.

ரேக்கிலிருந்து புதுக் குழாய் எடுத்துப் போட்டாள். வால்வு இடைவெளியையும் அளந்தாள், சரியாக இருந்தது. பிறகு செயின் பக்கம் உட்கார்ந்தாள். அதைச் செயின் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். கறுப்புக் களி பூசிய ஏதோ ஒன்று பற்சக்கரத்தைச் சுற்றிக் கிடந்தது.

“இதுல என்னண்ணே ஊத்தறீங்க?”

“வேஸ்ட் இன்ஜின் ஆயில். டாக்டர்தான் தினம் ஊத்தச் சொன்னாரு.”

“அதுல புழுதி ஒட்டிக்கும். அப்புறம் செயினுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரிதான்.”

இன்ஜின் அணைந்தே இருந்தாலும், சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். அரை மணி நேரத்தில் உள்ளே இரும்பு இருப்பது தெரிய வந்தது. துடைத்து, காயவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்பக்கமாகச் செயின் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தாள். நாலு இடத்தில் நிறுத்தி விரலால் கீழிருந்து தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு இடத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் ஆடவில்லை. ஒரு இடத்தில் அதுகூட இல்லை.

“கேன் நாலையும் ஏத்துங்கண்ணே.”

“சரி பண்ணிட்டு ஏத்திக்கறேனே?”

“ஏத்தினாத்தான் சரி பண்ண முடியும். ஸ்டாண்ட எடுத்துட்டு நீங்களும் ஏறி உக்காருங்க.”

நாலு கேனும் ஏறின, தண்ணீர்க்காரரும் ஏறினார். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. அவள் செயினை ஸ்பேனரால் தட்டினாள். இழுத்துக் கட்டிய கம்பிபோல டங்கென்றது.

“வெறும் வண்டிய ஸ்டாண்ட்ல நிக்க வெச்சு டைட் பண்ணினா இதான். பாரம் ஏறினா சக்கரம் மேல வரும், செயின் இன்னும் இழுக்கும். நீங்க வெறும் வண்டியவா ஓட்டறீங்க?”

வேலையை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். மாமாகூட கவுண்டரைவிட்டு வந்திருந்தார். பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கக் குறிகளும் ஒரே கோட்டுக்கு வரும்படி அட்ஜஸ்டரை நகர்த்தினாள். பாரத்தோடு ஒரு அங்குலம் ஆட்டம் விட்டாள், அதுவும் செயின் அதிகம் இறுகுகிற இடத்தில் பார்த்து. நட்டை முறுக்கிய பிறகு மறுபடி அளந்தாள்; முறுக்கும்போது சில சமயம் நகர்ந்துவிடும். கடைசியாக இன்ஜினைச் சூடாக்கி ஸ்க்ரூவை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. யார் கையும் வேண்டாமல், சீராக, சன்னமாக, ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். கியர் போட்டுப் பார்த்தார் தண்ணீர்க்காரர். குதிக்கவில்லை. தெருவில் ஒரு வட்டம் போய்வந்தார். இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. நேராக நடந்தார், அவளைத் தாண்டி.

“டாக்டரே! பொண்ண நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கீங்க!”

“சொல்லிச் சொல்லித்தான் கொண்டாந்திருக்கேன்” என்றார் டாக்டர், அரைச் சுண்டுவிரலால் மீசையைத் தடவியபடி. “இன்னும் வேகம் பத்தல. வந்துடும்.”

தண்ணீர்க்காரர் ஒரு கேனை இறக்கி டாக்டர் பெஞ்சின் பக்கத்தில் வைத்தார். “இது என் அன்பளிப்பு” என்றார். போகும்போது அவளைப் பார்த்து, “கை கழுவிக்கம்மா, கரி பாரு” என்றார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று மணி நேரம் கண்ணெதிரே நடந்ததை அப்படியே பார்த்தார். பார்த்தது டாக்டரைத்தான்.

மாமா வாக்குத் தவறவில்லை. மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அவரே ஒரு விரலால் தட்டி, லெட்டர்பேடில் பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். மணி மூன்று. அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

‘இவர் எனது மனைவியின் தங்கை ஆவார். எங்கள் ஒர்க்ஷாப்பில் இரண்டு ஆண்டுகளாக வரவேற்பாளராக இருந்து, வாடிக்கையாளர்களை இன்முகத்துடன் உபசரித்து வருகிறார். அடக்கமானவர். குடும்பப் பாங்கானவர். ஓய்வு நேரங்களில் மெக்கானிக்குகளுக்குக் கருவிகள் எடுத்துக் கொடுத்து உதவும் நற்குணம் உடையவர்.’

“எப்படி?” என்றார் மாமா. “நற்குணம்னு நானே யோசிச்சுப் போட்டது.”

அவள் இரண்டாம் முறை படித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஒன்று. இந்த மனிதர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. பண்ணுவதை அப்படியே எழுதுவதாகச் சொன்னார், எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்னும் இருபது வருஷம் இங்கே உட்கார்ந்தாலும் கூடப்போவது நற்குணம் மட்டும்தான்.

பின்பக்கம் வாஷிங் மேடைக்குப் போய், போனை எடுத்துக் கூரியர் கம்பெனிக்குப் போட்டாள். ஒரு கரகரத்த பெண் குரல் எடுத்தது.

“மெக்கானிக் வேலைக்கு இன்னிக்குத்தானே கடைசி?”

“ஆமா. லெட்டர் இருக்கா?”

“இருக்கு மேடம். ஆனா அதுல என்னை ரிசப்ஷனிஸ்ட்னு போட்டிருக்கு.”

“எங்களுக்கு வரவேற்க ஆள் வேண்டாம்மா.”

“தெரியும். அதனால லெட்டர் இல்லாம வரேன்.”

“இல்லாம எடுக்க மாட்டோம்.”

“எடுக்க வேண்டாம். உங்க யார்டுல யாராலயும் முடியாம ஓரமா ஒரு வண்டி கிடக்கும்ல? அதைக் காட்டுங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க, போயிடறேன்.”

போனில், பின்னால் ஏதோ ஒரு வண்டி உறுமி அணைவது கேட்டது.

“ஒண்ணு இல்ல, ஆறு கிடக்கு” என்றது குரல். “நாலு மணிக்குள்ள வா. வேலை உண்டுன்னு நான் சொல்லல, ஆமா.”

“நானும் கேக்கல மேடம்.”

திரும்பி வந்து துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள். தன் செலவில் வாங்கிய ஸ்பேனர் செட்டையும், இடைவெளி அளக்கும் தகடுகளையும் பைக்குள் போட்டாள். அக்கா மாடிப்படியில் இறங்கி வந்தாள், புடவையில் ஈரக்கையைத் துடைத்தபடி. மாமா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவர் கவுண்டரில் எங்கேயோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

“என்னடி, லெட்டர் பிடிக்கலியாமே? நான் படிச்சேன். எவ்ளோ நல்லா எழுதியிருக்காரு. அடக்கமானவர்னெல்லாம் போட்டிருக்காரு. எனக்குக்கூட ஒருத்தரும் அப்படி எழுதித் தந்ததில்ல.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே எங்கோ சிக்கிக்கொண்டது.

“அப்ப நீயே வெச்சுக்கோக்கா” என்றாள் சின்னவள், காகிதத்தை அக்காவின் கையில் வைத்து.

மாமா எழுந்துவிட்டார். “எங்க கிளம்பிட்ட?”

“கூரியர் கம்பெனிக்கு.”

“லெட்டர் இல்லாமயா? உள்ள விடுவானா உன்னை? சரி இரு, உதவி மெக்கானிக்னு மாத்தித் தரேன்.”

“வேண்டாம் மாமா.”

“உதவி மெக்கானிக், தற்காலிகம்னு போடறேன். டாக்டருக்கும் மனசு கோணாது.”

டாக்டர் தண்ணீர் கேனைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்துத் தற்காலிகத்துக்குச் சம்மதம் தெரிவித்தார்.

“வேண்டாம்.”

“அடேங்கப்பா. சரிம்மா, மெக்கானிக்னே போடறேன், போதுமா? திங்கக்கிழமை வா, போட்டுத் தரேன்.”

“கடைசி நாள் இன்னிக்கு மாமா.”

“அதான் சொல்றேன், அவசரப்படாதேன்னு. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? கவுண்டர்ல யார் உக்காருவா? நாளைக்கு வர்ற வண்டிக்கு யார் கார்டு எழுதுவா?”

முதல் கேள்விக்கு அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மற்ற இரண்டுக்கும் தன் கையிலிருந்த காகிதத்தில் ‘வரவேற்பாளர்’ என்ற இடத்தைப் பார்த்தாள்.

“சாயங்காலம் ஒரு பார்வை யார் பாப்பானு கேக்கலியே மாமா” என்றாள் அவள்.

மாமா டாக்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். டாக்டர் இருக்கிற இடத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கவுண்டரில் கிடந்த கார்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

அவள் தரையில் கிடந்த ஏர் ஹோஸைத் தாண்டி, பிரித்துப் போட்ட இரண்டு வண்டிகளுக்கு நடுவே பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நகத்துக்குள் கரி அப்படியே இருந்தது. பஸ் நிறுத்தத்தில் கூட்டம். நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். அவள் நடந்தாள்.